பிரேக் மாஸ்டரின் பராமரிப்பு

"இன்னையிலேருந்து உன் நோய்க்கு நான்தான் பொறுப்பு!" என்று காலை டீயைக் குடித்து முடித்த கையோடு பிரேக் மாஸ்டர் பிரகடனம் செய்தார்.

அவர் மனைவி தன் டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கிக்கொண்டிருந்தாள். விரல்களை நம்பி அவள் எதையும் தூக்குவதை விட்டு வெகு காலமாகிவிட்டது. ஒரு வாய் குடித்தாள். பதமாகக் கீழே வைத்தாள்.

"இத்தனை நாளா நான் மனசுக்குள்ளதான் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்களே வாய்விட்டு ஒத்துக்கிட்டீங்க."

"அதில்லடி! பொறுப்புன்னா, பார்த்துக்கற பொறுப்பு!"

"ஓ, அதுவா," என்றாள் அவள். அந்த "அதுவா"வில் அத்தனை ஏமாற்றம்.

பிரேக் மாஸ்டர் என்பது அவருடைய மாணவர்கள் வைத்த பெயர். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். அந்த மாதிரிக் கார்களில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் அதை ஆபத்துக்கு மிதிப்பார்கள். இவர் பச்சை விளக்குக்கும் மிதிப்பார். இவரிடம் பழகி லைசென்ஸ் வாங்கியவர்கள் பாதிப் பேருக்கு, யாரும் பிரேக் போடாவிட்டால் கார் என்ன செய்யும் என்பதே தெரியாது. வயசு ஏற ஆரம்பித்ததும் பள்ளியைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். மிதிப்பதற்கு ஒன்றும் அகப்படாமல் அவருடைய கால் தவித்துக்கொண்டிருந்தது.

மனைவியைத் தெருவில் எல்லாரும் டெய்லரம்மா என்பார்கள். அவள் தைக்காத உடுப்பு அந்தத் தெருவில் கிடையாது. அப்புறம் முடக்குவாதம் வந்தது. முதலில் விரல் கணு, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். தையல் மெஷின் மூலைக்குப் போயிற்று. அவள் மட்டும் மூலைக்குப் போகாமல், மாதாமாதம் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். எப்போதாவது மாஸ்டர் காரில் அழைத்துப் போவார். போனாலும் உள்ளே வர மாட்டார். மரத்தடியில் வண்டியை நிறுத்தி ரேடியோ கேட்பார்.

முந்தின நாள் மரத்தடியில் வேறு எவனோ நிறுத்திவிட்டான். வெயில் தாங்காமல் மாஸ்டர் உள்ளே வந்தார். எல்லாம் அதனால் வந்த வினை.

"அட, இவங்களுக்குக் கணவர் இருக்காரா!" என்றாள் டாக்டர். சின்ன வயசுப் பெண். "இவங்க தனியா வந்து தனியாப் போறதைப் பார்த்து நாங்க வேற மாதிரி நினைச்சுட்டோம்."

இது மாஸ்டர் காதில் விழவில்லை. அவருக்கு வேண்டாதது எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை. அவர் காதில் விழுந்தது அடுத்தது. "இந்த நோய் முழுசா தீராது சார். ஆனா வாழ்க்கைத் தரத்தை நல்லா உயர்த்தலாம். பாதி மருந்து எங்க கையில இருக்கு. மீதி வீட்ல இருக்கறவங்க கையில."

வெளியே வந்தபோது சிஸ்டர் ஒரு செய்தியும் சொன்னாள். நீண்ட கால நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கூடும் கூட்டம் ஒன்று வரப்போகிறது. அன்பாகக் கவனித்துக்கொள்ளும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றுவார்கள். கேடயம் உண்டு. மைக் உண்டு.

மைக்! மாஸ்டர் ஆயுள் முழுவதும் பேசிக்கொண்டே இருந்தவர்தான். ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள். முகத்தைப் பார்த்துக் கேட்கும் ஒரு கூட்டம் அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆகவே பிரகடனம். ஆகவே அன்றைக்கே ஆரம்பமாயிற்று பராமரிப்பு.

முதலில் மாடிப்படி. அவர்கள் படுக்கையறை மாடியில். "ஏறி இறங்கு. மூட்டு துருப்பிடிச்சுப்போச்சு. ஓட ஓடத்தான் வண்டி இளகும்," என்று கீழே நின்றுகொண்டு கட்டளை போட்டார். "இடது காலை எடு! மெதுவா! ஏன் நிக்கறே? யாரும் குறுக்க வரலையே! ரிவர்ஸ்ல இறங்காதே, பின்னாடி பார்க்காம ரிவர்ஸ் எடுக்கக் கூடாது!"

பின்பக்கமாக இறங்கினால்தான் அவள் முழங்கால் வலிக்காது. அதை அவளாகவே கண்டுபிடித்து வெகு நாளாயிற்று. நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏங்க, எனக்கு மூட்டுல வலி. நீங்க ஏன் இப்படி அடுப்பு மூட்டறீங்க?"

"இதெல்லாம் அறிவியல். உனக்குப் புரியாது."

அப்புறம் சாறு. பச்சையாக ஏதோ இலை, ஏதோ காய், எல்லாவற்றையும் அரைத்து ஒரு பெரிய குவளை நிறைய. யாரோ பழைய மாணவர் சொன்னாராம். அவள் அதை ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றினாள். செடி வாடியது. "செடிக்கே ஒத்துக்கலை," என்றாள். மாஸ்டர் செடி சரியில்லை என்றார்.

சமையலறையும் தப்பவில்லை. டப்பா மூடிகள் எல்லாம் சும்மா மேலே வைத்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இப்படியா வெப்பாங்க? எறும்பு, பூச்சி!" ஒவ்வொன்றையும் தன் பலம் கொண்ட மட்டும் முறுக்கி மூடிவிட்டு, நண்பரைப் பார்க்கப் போய்விட்டார். மூடிகளைத் திறக்க முடியாது என்பதால்தான் அவள் அவற்றை மூடாமலே வைத்திருந்தாள். மத்தியானம் ஒரு டீ போட்டுக்கொள்ள வழியில்லாமல், டப்பா வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு டீச்சர் வந்து திறந்து கொடுக்கும்வரை அப்படியே இருந்தாள். தினமும் வந்து அவள் தலையைப் பின்னிவிடுகிறவளும் டீச்சர்தான்.

"சொல்லக் கூடாதா மாஸ்டர்கிட்ட? மூடாதீங்கன்னு?" என்றாள் டீச்சர்.

"சொல்லலாம். நாளைக்கு மூடிமேல கல்லைத் தூக்கி வெப்பார்." டெய்லரம்மா தன் வளைந்த விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு முடக்குவாதம். அவருக்குப் பிடிவாதம். ரெண்டுமே தீராது டீச்சர். இருக்கற வரைக்கும் சமாளிக்கணும், அவ்வளவுதான்."

அந்தச் சமாளிப்பு அடுத்த வாரம் தொடங்கியது. மாஸ்டருக்குத் தெரியாது. வெகு நாள் தெரியவே இல்லை.

கீழ்த்தளத்தில் ஒரு நல்ல அறை இருந்தது. குளியலறையோடு கூடியது. வாசலுக்கு ஒரே எட்டு, சமையலறைக்கு நாலு எட்டு. அது மாஸ்டரின் ராஜ்யம். பள்ளியின் பழைய மேஜை, சுழல் நாற்காலி, சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள், ஆணியில் ஒரு பழைய ஸ்டியரிங் சக்கரம். மத்தியானம் அதில் காலை நீட்டித் தூங்குவார். அதற்கு அவர் வைத்த பெயர் "ஆலோசனை".

ஒருநாள் டெய்லரம்மா படியில் பாதி வழியில் நின்றபடி, "என்னங்க, ஒரு விஷயம். நேத்து டீச்சர் கேட்டாங்க, நீ ஏன் கீழ் ரூமுக்கு வந்துடக் கூடாதுன்னு. நான் முடியவே முடியாதுன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

"ஏன்?"

"எனக்கு மாடிதான் பிடிச்சிருக்கு. காத்து வரும். கீழ உங்க சாமான் வேற. அது ஆம்பளை ரூம். நான் அங்கல்லாம் வர மாட்டேன்."

மாஸ்டர் நிமிர்ந்தார். "வர மாட்டியா?"

"மாட்டேன். செத்தாலும் மாடிதான்."

"உனக்குப் புத்தி இருக்கா? முழங்காலை வெச்சுக்கிட்டு மாடியில என்ன குடித்தனம்? ஓட ஓட இளகும்னு எவன் சொன்னான்?"

"நீங்க..."

"யார் சொன்னாலும் தப்பு! நோயாளிக்கு எது நல்லதுன்னு நோயாளிக்குத் தெரியாது. நாளைக்கே கீழ வர்றே!"

"வேண்டாங்க... உங்க மேஜை, நாற்காலி..."

"எல்லாம் மாடிக்குப் போகுது. பேசாதே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் பழைய மாணவர்கள் நாலு பேர் வந்து மேஜையை மாடிக்கும் கட்டிலைக் கீழ் அறைக்கும் மாற்றினார்கள். மேஜையின் ஒரு கால் மாஸ்டரின் கால் கட்டைவிரல்மேல் இறங்கியது. தியாகம் என்று நினைத்துக்கொண்டார். பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம்.

அதன்பிறகு அவள் ஒவ்வொன்றாக மறுத்தாள். அவர் ஒவ்வொன்றாக ஜெயித்தார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டவே வேண்டாம், பார்க்க அசிங்கம் என்றாள். அன்றைக்கே கம்பி. திருகுகிற குழாய்தான் அழகு, முழங்கையால் தட்டித் திறக்கிற குழாயெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்றாள். ஆஸ்பத்திரி மாதிரியே ஆயிற்று. ஆஸ்பத்திரியில் வெந்நீர்த் தொட்டியில் இறங்கி உடற்பயிற்சி செய்ய ஒரு குழு இருந்தது. அதற்கு மட்டும் தன்னை அனுப்பாதீர்கள், நாலு பேர் முன்னால் தண்ணீரில் இறங்க வெட்கமாக இருக்கிறது என்று கெஞ்சினாள். மாஸ்டர் தானே காரை எடுத்து, தானே கூட்டிப் போய், வாசலில் காவல் இருந்து, தப்பி ஓடாமல் பார்த்துக்கொண்டார். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தமும் பெண்களின் சிரிப்பும் வந்தன. பாவம், வெட்கத்தை மறைக்கச் சிரிக்கிறாள் என்று நினைத்தார்.

"சமையலறைப் பக்கம் மட்டும் நீங்க வராதீங்க. அதை நான் விட மாட்டேன்," என்றாள் கடைசியாக.

இப்போது மாஸ்டர் சமைத்தார். மூடி மூடித் திறந்து திறந்து, மூடியே இல்லாத டப்பாதான் உலகத்தில் சிறந்தது என்ற முடிவுக்குத் தானாகவே வந்தார். அதை அவளுக்கு விளக்கமாகச் சொல்லியும் கொடுத்தார். அவள் ஆச்சரியப்பட்டாள்.

மனைவி முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. நடை சற்று நிமிர்ந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் மாஸ்டர் சொன்னார்: "பிடிவாதக்காரிங்க. நான்தான் கண்டிப்பா இருந்து வழிக்குக் கொண்டு வந்தேன்."

"நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்!" என்பாள் எதிர்வீட்டு டீச்சர். சொல்லிவிட்டு உடனே ஏதோ வேலை இருப்பதாக வீட்டுக்குப் போய்விடுவாள்.

கூட்ட நாள் வந்தது. கேடயம் மாஸ்டருக்குத்தான். வேறு போட்டியாளர் இல்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக் கூடம் நிறைந்திருந்தது. சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், மூக்கில் குழாய் வைத்தவர்கள், பக்கத்தில் தூக்கம் கெட்ட முகத்தோடு அவர்களுடைய சொந்தங்கள். மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். நோயாளி என்பவர் புதிதாக வண்டி பழகுகிறவர் மாதிரி, பக்கத்தில் எப்போதும் ஒரு கால் பிரேக்மேல் இருக்க வேண்டும் என்று தொடங்கி, கால் கட்டைவிரல் தியாகம் வரை பேசினார். பேசி முடித்தபோது கைதட்டல் வந்தது. முடித்ததற்கான கைதட்டல் என்று அவர் நினைக்கவில்லை.

"இப்ப நம்ம டெய்லரம்மாவும் ரெண்டு வார்த்தை சொல்லட்டும்," என்றாள் சிஸ்டர். "தீராத ஒண்ணோட எப்படி வாழறதுன்னு அவங்க எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. நீங்களும் கேக்கணும்."

மாஸ்டர் கேடயத்தை மடியில் வைத்து, பெருமையோடு சாய்ந்து உட்கார்ந்தார். டெய்லரம்மா மைக்கை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் இதைக் குணப்படுத்தணும்னு பார்ப்பீங்க. நானும் ரொம்ப வருஷம் பார்த்தேன். இது குணமாகாது. இதோட குணமே இதுதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். மாஸ்டரும் ஆட்டினார்.

"காலையில எழுந்ததும் ரொம்ப விறைப்பா இருக்கும். அப்ப எதுவும் வெச்சுக்கக் கூடாது. வெயில் ஏறினா கொஞ்சம் இளகும். நேரா மோதினா வீங்கிடும். வீங்கிச்சுன்னா வடிய நாளாகும். சில சமயம் சத்தமும் போடும்."

"ஆமாம்மா, எனக்கும் முழங்கால்ல கடக்கடக்குன்னு சத்தம் வருது," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"முழங்கால்லயும் வரும்," என்றாள் டெய்லரம்மா. "நான் முதல்ல அழுது பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். ஒண்ணும் கேக்கலை. அப்புறம்தான் கண்டுபிடிச்சேன். நமக்குக் கிழக்கே போகணும்னா, மேற்கேதான் போவேன்னு அடம் பிடிக்கணும். உடனே நம்மளைப் பிடிச்சுக் கிழக்கே இழுத்துட்டுப் போயிடும். வெந்நீர்த் தொட்டி வேணும்னா, ஐயோ வெட்கமா இருக்குன்னு சொல்லணும். கீழ் ரூம் வேணும்னா, செத்தாலும் மாடிதான்னு சொல்லணும்..."

மாஸ்டரின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

முதலில் சிரித்தது சிஸ்டர். சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பினாள். தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது. பிறகு வெந்நீர்த் தொட்டிக் குழுப் பெண்கள். பிறகு கூடம் முழுக்க. சில கணவன்மார்கள் மட்டும் தங்கள் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு ஒரு இளம்பெண் எழுந்து, "அம்மா, இது மாமியாருக்கும் வேலை செய்யுமா?" என்று கேட்டாள்.

"மாமியாருக்கு ரெண்டு வேளை கொடுத்துப் பாரும்மா."

அவ்வளவு பெரிய கைதட்டலை மாஸ்டர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. கேடயத்தின் பளபளப்பில் ஒரு முகம் தெரிந்தது. அதை அவர் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

காரில் திரும்பும்போது ஒன்றுமில்லாத ரோட்டில் மூன்று முறை பிரேக் போட்டார். வீடு வந்ததும் மாடிக்கு ஏறி, போக்குவரத்துச் சின்னங்களின் நடுவில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று கூட ஒரு யோசனை வந்தது. வந்த வழியே போய்விட்டது. கடைசியில் தங்கியது வேறு. இனிமேல் ஏமாறுவதில்லை. அவள் எது சொன்னாலும் அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடி மாதிரி. இடது என்றால் வலது. வேண்டாம் என்றால் வேண்டும்.

"டீ கிடைக்குமா?" என்றாள் காலையில்.

"கிடைக்காது!" என்று வெற்றிப் புன்னகை செய்தார்.

"பசி இல்லைங்க, அப்புறமா சாப்பிடறேன்."

உடனே தட்டு வந்தது, மலைபோல்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "என்னங்க விளையாட்டு இது?" என்றாள். "எனக்கு உன் விளையாட்டெல்லாம் தெரிஞ்சுபோச்சு," என்றார். அடுத்த நாள், மாத்திரை போட்டாகிவிட்டது, இன்னொன்று வேண்டாம் என்று அவள் சொல்ல, அவர் இன்னொன்றைப் பிரித்துக்கொண்டு வந்து நின்றார். அவள் அதைத் தட்டிவிட்டாள். அப்போது சிரிப்பு வரவில்லை.

"இது அப்படி இல்லைங்க. நிஜமாச் சொல்றேன்."

"நிஜமா! கேட்டுக்கிட்டேன்."

அந்த வாரக் கடைசியில் திடீரென்று மழைக்குளிர் இறங்கியது. அந்த நோய்க்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. கொஞ்ச நாள் பதுங்கியிருந்துவிட்டு ஒரு காலையில் பாயும். டெய்லரம்மா கண் விழித்தபோது வலது மணிக்கட்டு சிவந்து, பந்து மாதிரி வீங்கிக் கிடந்தது. போர்வை பட்டாலும் பல்லைக் கடித்தாள். எழுந்துகொள்ள முடியவில்லை.

மாஸ்டர் வந்து நின்றார். "எழுந்திரு. தொட்டிக்கு நேரமாச்சு."

"இன்னைக்கு முடியாதுங்க. சிஸ்டருக்கு போன் பண்ணுங்க. கையைத் தொடாதீங்க, உயிர் போகுது."

தொடாதீங்க. மாஸ்டர் தலையைச் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் பிறகு எவ்வளவோ தடவை நினைத்துப் பார்த்தார். "தொடாதீங்களா? சரிதான். இனிமே இந்த மேற்கு, கிழக்கு வேலையெல்லாம் என்கிட்ட நடக்காது!" என்று சொல்லி, அந்தக் கையையே எட்டிப் பிடித்து அவளைத் தூக்கி உட்கார வைத்தார்.

அவள் போட்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டது. டீச்சர் சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தாள். மாஸ்டர் கட்டில் பக்கத்தில் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றிருந்தார், போலீஸ் பிடித்த ஆள் மாதிரி. டெய்லரம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அழக்கூட இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள்.

"இது வெறும் வீக்கம் இல்லையே. யாரோ இழுத்த மாதிரி இருக்கு. யார் இழுத்தது?"

மாஸ்டர் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"யாரும் இல்லை சிஸ்டர்," என்றாள் டெய்லரம்மா. "நானேதான். எழுந்திருக்கும்போது கையை ஊனிட்டேன்."

சிஸ்டர் முழங்கை வரை ஒரு பட்டையைப் போட்டுக் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை மாஸ்டர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அன்று மரத்தடி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் உள்ளே, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தார். எந்த இடத்தைப் பிடித்தால் வலிக்காது என்று தெரியாததால், டீச்சர்தான் பிடித்தாள்; இவர் தலையணையைப் பிடித்தார். டீச்சர் போன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம் நீ."

"எதுக்கு? அவங்க உங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பாங்க. அதைக் கேட்டுட்டு வந்து நீங்க எனக்கு ஒரு மாசம் எடுப்பீங்க. எனக்குத் தெம்பு இல்லை."

அவர் பட்டையைப் பார்த்தார். அதிலிருந்து வெளியே எட்டிப் பார்த்த விரல் நுனிகளைப் பார்த்தார்.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே. இப்படிச் சுத்தி வளைச்சு... நேரா கேட்டா நான் செய்ய மாட்டேனா?"

டெய்லரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபம் இருந்தால் கூடப் பரவாயில்லை என்றிருந்தது மாஸ்டருக்கு.

"கேட்டேங்க. முதன்முதல்ல ஊசி பிடிக்க முடியாமப்போனப்ப, விரல் வலிக்குதுன்னு சொன்னேன். தைக்கறவளுக்கு விரல் வலிக்காம கொம்பா வலிக்கும்னு கேட்டீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, நானே சிரிச்சேன். அப்புறம் இந்த ரூமைக் கேட்டேன். மாடி ஏறினா உடம்புக்கு நல்லதுன்னீங்க. ஒருநாள் குளிச்சுட்டு வந்து உடுப்போட முதுகுக் கொக்கியைப் போட முடியலை. உங்களைக் கூப்பிட்டேன். 'ரெண்டு நிமிஷம், பையன் வண்டியில காத்துக்கிட்டிருக்கான்'னு சொல்லிட்டுப் போனீங்க. டீச்சர் ஸ்கூல்லேருந்து வர்ற வரைக்கும் துண்டைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வாசல் மணி அடிச்சாங்க யாரோ. நான் இல்லாத மாதிரி இருந்துட்டேன்."

மாஸ்டர் அந்த நாளை நினைவில் தேடினார். ஒவ்வொரு மூலையாகத் தேடினார். அப்படி ஒரு நாளே அவரிடம் இல்லை. அவளிடம் அவ்வளவு பெரிதாக இருந்த நாள், அவரிடம் ஒரு தூசியாகக்கூட இல்லை.

"அன்னைக்கு முடிவு பண்ணேன், உங்ககிட்ட இனிமே எதுவும் கேக்கறதில்லைன்னு. அப்புறம் கண்டுபிடிச்சதுதான் இந்த வேண்டாம்னு சொல்றது. அது ஒண்ணுதான் உங்க காதுல விழுது." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப அதையும் கெடுத்துட்டீங்க. இனிமே எனக்கு வலிச்சா, என்ன சொல்லி உங்களை நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியலை."

மாலை வெளிச்சம் சுவரில் மங்கிக்கொண்டிருந்தது. போக்குவரத்துச் சின்னங்கள் ஒட்டியிருந்த இடங்களில் சதுரம் சதுரமாக வெள்ளை.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். பிரகடனமாக இல்லாமல் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. குரல் எங்கேயோ தட்டுத் தடுமாறி வந்தது.

"இனிமே நேராக் கேளு. நீ என்ன சொல்றியோ அது அப்படியே. தலைகீழாக்க மாட்டேன். ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன். சத்தியம்."

"நிஜமாவா?"

"சோதிச்சுப் பாரேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். தயங்குகிறாள் என்பது தெரிந்தது. ரொம்ப நாள் பேசாத மொழியில் ஒரு வார்த்தையைத் தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"அப்படின்னா, அந்த ஜன்னலைச் சாத்துங்க. குளிர்காத்து நேரா கையில அடிக்குது."

"குளிர்காத்தா?" என்றார் மாஸ்டர். "இது நல்ல காத்துடி. நோயாளி ரூம்னா காத்து வந்து போகணும், அடைச்சு வெச்சா கிருமிதான்..."

அவர் வாய் அவரைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்தது. டெய்லரம்மா தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றதும் சரிதான்," என்றாள் அசதியோடு. "திறந்தே இருக்கட்டும். எனக்குக் காத்து வேணும். சாத்தாதீங்க."

"உனக்கு என்ன தெரியும்? வீங்கின கையில குளிர் படலாமா?" என்று அதட்டிக்கொண்டே எழுந்துபோன பிரேக் மாஸ்டர், ஜன்னலின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். போட்ட கை அப்படியே நின்றது. சிரிக்கப்போகிறாள் என்று கூசிக்கொண்டே மெல்லத் திரும்பினார்.

அவள் அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.